பதினொன்றும் பெட்டை

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பாவுக்கு வீட்டிலேயே கோழிக்குஞ்சு பொரிக்கும் ஆசை வந்தது. ஓசூரில் கம்பெனி வேலை, வாடகை வீட்டில் இரண்டே அறை. அதற்குள் தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர் என்று பிரசவ வார்டையே திறந்துவிட்டார். கரண்ட் போனால் அம்மா பெட்டியைக் கம்பளியால் மூடிவிட்டு அப்பாவைத் திட்டுவாள்.

இருபத்தோராம் நாள் ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓட்டுக்குள் இருந்துகொண்டே ஓர் உயிர் கூப்பிடுகிறது! அலகு ஓட்டைக் கொத்துவதும், களைத்து ஓய்வதும், மறுபடி கொத்துவதுமாக இருந்தது. சோறு தண்ணீர் மறந்து அங்கேயே கிடந்தேன். மறுநாள் காலையில் பதினொரு குஞ்சுகள் பஞ்சு பஞ்சாய் நடந்தன.

"பொட்டைய மட்டும் வெச்சிக்கலாம். சாவலுங்கள கலர்க்குஞ்சு விக்கறவங்கிட்ட குடுத்துடணும். நைட் ஷிப்டு முடிச்சினு வந்து தூங்கற மனுசன் நானு" என்றார் அப்பா. சாயம் பூசிய குஞ்சு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் அழுது ஊரைக் கூட்டினேன்.

பிரித்துச் சொல்ல அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. சூளகிரிப் பக்கம் முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் சேவலையும் பெட்டையையும் பிரிப்பதுதான் அவள் வேலை. ஒரு குஞ்சை எடுத்துக் கவிழ்த்து, வாலடியில் விரலால் லேசாக அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் "பொட்ட" என்றாள். நேற்றுப் பிறந்த குஞ்சு நாளை கூவுமா, முட்டையிடுமா என்று விரலைக் கேட்டுச் சொல்கிறாளே என்று வாய் பிளந்து நின்றேன். சில குஞ்சுகளிடம் மட்டும் சற்றுத் தாமதித்தாள். கவனமாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் பதினொன்றும் பெட்டை!

"எல்லாமேவா?" என்றார் அப்பா.

"எங்கிட்டயே கேக்கறியாண்ணா? தினத்துக்கும் இதான என் வேல?"

நான் அத்தையைக் கட்டிக்கொண்டேன்.

சில மாதங்களில் ஐந்து 'பெட்டைகள்' கூவத் தொடங்கின. அப்பா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தங்கையைத் திட்டினார். அதற்குள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது; கொடுக்க அவருக்கே மனசு வரவில்லை. அத்தை வரும்போதெல்லாம், "எந்த மகராசன் உனக்கு இந்த வேலயக் குடுத்தான்?" என்று ஓட்டுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வேலை பார்த்த மாதிரி இடங்களில் முட்டைக்கு உதவாத சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே அழித்துவிடுவார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒருநாளும் சொல்ல முடியாத பொய்யை அத்தை எங்கள் வீட்டில் ஐந்து முறை சொல்லியிருக்கிறாள். நாங்களோ அதையே சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.