வண்டிக்காரன் பேச்சை நம்பாதே

ஆடுகிற வண்டி எதுவானாலும் இந்த ஊர் மெக்கானிக்கிடம்தான் வரும். மூன்றே கேள்வி கேட்பார். எந்த வேகத்தில் ஆடுகிறது? பிரேக் பிடித்தாலா, சும்மா ஓடும்போதா? நடுங்குவது ஸ்டியரிங்கா, சீட்டா? ஸ்டியரிங் என்றால் முன்சக்கரம், சீட் என்றால் பின்பக்கம். பதிலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில் ஒரு வார்த்தையும் நம்பாமல், வந்தவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப் பார்ப்பார். "வண்டிக்காரன் பேச்சை நம்பினா வண்டி தேறாது" என்பது அவருடைய வேதவாக்கு. இருபது வருடமாக அதைச் சொல்லியே பேர் வாங்கியவர்.

அப்பேர்ப்பட்டவரின் சொந்த வண்டி, பதினாறு வருடப் பழைய எஸ்யூவி, மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. முப்பதில் ஆரம்பித்தால் எழுபதில் பல்லெல்லாம் தந்தியடிக்கும். பின்சக்கரத்தைச் சுழற்றுகிற புரொபெல்லர் ஷாஃப்டுதான் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஷாஃப்டை மாற்றினார், ஆடியது. இன்ஜின் மவுண்டை மாற்றினார், ஆடியது. மறுபடியும் ஷாஃப்டையே கழற்றினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளுக்கு வேறென்ன தோன்றும்!

வெள்ளிக்கிழமை மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டும். முதுகில் ஆபரேஷன். வழியில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"வாடகைக்கு ஒரு கார் பாத்துக்கலாங்க," என்றாள் மனைவி.

"மெக்கானிக் பொண்ணு வாடகைக் கார்ல வந்தா ஊரு சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுதுட்டா இருக்கு?"

வியாழக்கிழமை காலை, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடுத்த தெரு டயர் கடைக்கார அம்மாவிடம் போனார். 'காத்தடிக்கிற கடை' என்று இத்தனை நாள் அவர் நக்கலடித்த கடைதான்.

"எந்த ஸ்பீடுல ஆடுதுண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஸ்பீடை விடுங்கக்கா. ஷாஃப்டுதான், எனக்கு நல்லாத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தினமும் காதில் விழுகிற அதே வண்டிக்காரன் குரல்! அந்த அம்மா சிரிக்காமல் பின்கதவைத் திறந்துவிட்டார். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஏறினார்.

ஒரே ஒரு சுற்று ஓட்டினார் அந்த அம்மா. இறங்கியதும் பின்சக்கரத்தின் உட்புறத்தில் கையைவிட்டுத் தடவினார். அங்கே டயர் எலுமிச்சை அளவு புடைத்திருந்தது.

"எத்தனை வருஷ டயர் இது?"

"எட்டு. ஆனா ரோட்டுல படுற பட்டனைப் பாருங்க, தேயவே இல்ல."

"பட்டன் இருக்கு. உள்ள கம்பி விட்டுப்போச்சே! நல்லவேளை இன்னிக்கு வந்தீங்க. நாளைக்கு வேகமா போயிருந்தா வெடிச்சிருக்கும்ணே."

 பெரிய மேதாவி என்று மெக்கானிக் தன்னையே திட்டிக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்கும் புது டயர். அன்று மாலை எண்பதில் ஓட்டிப் பார்த்தார். வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல் போனது.

வெள்ளிக்கிழமை, பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்திருந்த மகளிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் அசடு வழிந்ததை நடித்தே காட்டினார்.

"சிரிக்க வெக்காதீங்கப்பா, தையல் வலிக்குது," என்றாள் அவள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "அவங்க பாக்கலேன்னா என்னப்பா ஆயிருக்கும்?"

 பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். வீடு வரைக்கும் அவர் நாற்பதைத் தாண்டவேயில்லை.