இரண்டு புள்ளி

1996 ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை எட்டு மணிக்கு மோர்னிங்சைட்டிலிருந்து, அஜக்ஸில் நடக்கும் கார்க் கண்காட்சிக்கு வெளிக்கிடுவதாகப் பேச்சு. எட்டுப் பத்துக்குத்தான் வெளிக்கிட்டோம். அந்தப் பத்து நிமிடமும் நான் காரின் நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து சில்லு நட்டுகளைத் தொட்டுப் பார்த்ததில் போனது.

கார் இராசன் அண்ணையுடையது. 1951ஆம் ஆண்டுச் செவர்லே. ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில் கோழிகள் குடியிருந்த அந்தக் காரை வாங்கி, நாலு வருடம் தன் கராஜுக்குள் வைத்து வெட்டி, ஒட்டி, நிலத்தோடு பதித்து, பெரிய எஞ்சின் பூட்டி, செவ்விளநீர் நிறம் அடித்திருந்தார். இப்படிப் பழைய காரைத் தன் மனதுபோல மாற்றி ஓடுவதை இங்கே ஹொட் றொட் என்கிறார்கள். அவர் மனைவி பவளம் அக்காவுக்குத் தையல் பக்டரியில் வேலை. கூரையின் உட்பக்கத்துக்குத் தன் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையையே தைத்துவிட்டார். சரிகைக் கரை முன்கண்ணாடியின் மேல் விளிம்போடு ஓடுகிறது. உள்ளே ஏறினால் கலியாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

மற்றவர்கள் காரில் நெருப்புக் கீறுவார்கள், மண்டையோடு கீறுவார்கள். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. பின்பக்கத்து மூடியில், நாங்கள் வாசலில் சொல்லுகிற சொல்லை எழுத வேண்டும் என்றார்: போட்டு வாறன். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது எங்கள் வாயில் அப்படித்தான் வரும். ‘போறன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களில் யாரும் படி இறங்குவதில்லை. திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டிலிருப்பவருக்கு நிம்மதி.

அதைத் தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். என் கையெழுத்து வட்டமாக இருக்குமாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனிடம் எழுத்துக் கேட்கலாமா? வாறனுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா? மூன்று நாள் அந்த யோசனையிலேயே போனது. பெரிய ற போட்டேன். அதைப் பார்த்து மூடியில் கறுப்புப் பெயின்றில் எழுதியவர், கார்களில் எழுத்தும் கோடும் கீறுவதையே தொழிலாகக் கொண்ட றே என்ற வெள்ளைக்காரர். அன்று காலையும் நான் அந்த ற-வையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

8.25: நெடுஞ்சாலை 401இல் ஏறினோம். அஜக்ஸுக்கு இருபது கிலோமீற்றர் சொச்சம். லொறிகள் தெறிக்கும் கல் பட்டுவிடக்கூடாதென்று அண்ணை எண்பதிலேயே ஓடினார். தாண்டிப் போனவர்கள் ஹோர்ன் அடித்துக் கை காட்டினார்கள்.

“அண்ணை, சில்லு ஆடுதுபோல. எல்லாரும் காட்டீனம்.”

“வடிவாக் கிடக்கெண்டு காட்டீனமடா.”

“உதென்ன சத்தம்?”

“எஞ்சின்.”

“அதுக்கு மேலால ஒரு சத்தம் கேக்குது.”

“அது உம்மட சத்தந்தான் தம்பி,” என்றார் பின் சீற்றிலிருந்து பவளம் அக்கா.

8.50: அஜக்ஸில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடம். காருக்கு நுழைவு பத்து டொலர், கோப்பி எண்பது சதம். அறுபது எழுபது கார்கள் மூக்கைத் திறந்துகொண்டு நின்றன. ஒரு நேர்ஸ் அம்மா தன் பழைய பிக்கப் முழுக்க ஏரி மீன்களைக் கீறியிருந்தார், செதில் செதிலாக. ஒருவர் காரின் கியர்க் கம்பில் தன் மகளின் முதற் சப்பாத்தை வார்த்துப் பூட்டியிருந்தார். ஊரில் காரைப் பார்த்தால் சொந்தக்காரரின் வசதி தெரியும். இங்கே குணம் தெரிந்தது.

பக்கத்துக் காரின் தாடிக்காரர் எங்கள் எழுத்துக்கு அர்த்தம் கேட்டார். அண்ணை விளக்கினார். “முடிவாய்ச் சொல்லு, போகிறாயா, வருகிறாயா?” என்று அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

10.30: வெக்ஸ்போர்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் தம்பதி, தமிழ் எழுத்தைக் கண்டு ஓடி வந்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த ஐஸ்கிறீமை மறந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“போ... ட... டு... வா... ற... ன. தம்பி, புள்ளி ரெண்டும் எங்க?”

கிட்டப் போய்க் குனிந்தேன். ‘போடடு வாறன’ என்றுதான் இருந்தது. காலையில் நான் பார்த்தேன். அண்ணை இரண்டு நாளாகப் பார்த்தார். தெரிந்த சொல்லானபடியால் எங்கள் கண்ணே புள்ளியை வைத்து வாசித்திருக்கிறது. நான் பயந்ததெல்லாம் ற-வுக்கு.

றே அங்கேதான் வேறொரு காருக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டோம். தாளில் இரண்டு இடத்தில் மை சிந்தியிருந்ததாகவும், அதை விட்டுவிட்டுத் துப்புரவாக எழுதியதாகவும் பெருமையோடு சொன்னார். விசயம் விளங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அண்ணை மூடியைத் தடவினார். “நாலு வருசம். பதினொரு மணிக்கு நடுவர்மார் வருகினம். எங்கட ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்?”

“நான்தான் புள்ளியைச் சின்னனா வைச்சிட்டனோ அண்ணை?”

றே தூரிகையை எடுத்தார். அண்ணை அதை வாங்கி என்னிடம் நீட்டினார். “நீ வை.”

“நான் பழுதாக்கிப் போடுவன்.”

“ஆக்கினால் ஆக்கு. எழுதினவன்தான் முடிக்கவேணும்.”

பவளம் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ட-வுக்கு மேலே வைத்தது கடலையளவில் சரியாக விழுந்தது. ன-வுக்கு வரும்போது பின்னால் யாரோ எஞ்சினை உறுமவைத்தார்கள். புள்ளி ஒரு டொலர் நாணயக் குற்றியளவுக்குப் பரந்துவிட்டது. துடைக்கலாம் என்றார் றே. அண்ணை வேண்டாமென்றார்.

துணிக்கடை அம்மா திரும்ப வாசித்தார். “போட்டு வாறன். இப்ப சரி. கடைசி எழுத்துத்தான் கொஞ்சம் சத்தமாச் சொல்லுது.”

எல்லோரும் சிரித்தோம். நானும்.

நடுவர்கள் இருவரும் பின் சீற்றில் சாய்ந்து சேலைக் கூரையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்கள். பரிசு என்னவோ மீன் பிக்கப்புக்குத்தான். நேர்ஸ் அம்மா வந்து பவளம் அக்காவிடம் அந்தத் தையலை எப்படிச் செய்வதென்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

4.15: திரும்பும் வழியில் மனம் கேட்காமல் கேட்டேன். “நடுவர்மாரிட்ட எத்தினை புள்ளி அண்ணை கிடைச்சது?”

“ரெண்டு,” என்றார். “ஒண்டு சின்னன், ஒண்டு பெரிசு.”

பள்ளிக்கூடத்தில் நான் எடுத்த புள்ளிகளை யாரும் இவ்வளவு சந்தோசமாகச் சொன்னதில்லை.

4.50: என் அப்பாட்மென்ற் வாசலில் இறங்கினேன். அண்ணை ஹோர்னை மட்டும் தட்டினார். கார் திரும்பியபோது அதன் பின்பக்கம் சொல்லவேண்டியதைச் சொன்னது.

“ஓம், வாங்கோ,” என்றேன்.

அஜக்ஸிலிருந்து வெளிக்கிடும்போது சில்லு நட்டுகளைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது, லிப்ற்றுக்குள் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.