சித்தியின் மணிக்கட்டும் மடங்கும் திரையும்

எதைக் கண்டாலும் ‘இது எப்படி வேலை செய்யுது?’ என்று கேட்காமல் சித்திக்குத் தூக்கம் வராது. சித்தப்பா நேர்மாறு. வேலை செய்தால் வைத்துக்கொள்ள வேண்டும், செய்யாவிட்டால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

கல்லூரியில் பேராசிரியர் பேசப் பேச உடனுக்குடன் தட்டச்சு செய்வது சித்தியின் வேலை. காது கேளாத மாணவர்கள் அதைத் தங்கள் திரையில் படிப்பார்கள். பேராசிரியர் படம் போட ஆரம்பித்தால் மட்டும் சித்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புது லேப்டாப் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. திரையை முழுக்கப் பின்னால் மடக்கினால் டேப்லெட். விரலாலேயே இதயத்தின் அறைகளை வரைந்து அம்புக்குறி போடுவாள். நிமிர்த்தினால் மறுபடி தட்டச்சு.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு வகுப்பின் நடுவே கீபோர்டு செத்துப்போனது. திரையில் தானாக வந்த கீபோர்டின் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு அவள் ஒரு வரி முடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்த பகுதிக்கே போய்விட்டார். மாணவர்கள் திரையை விட்டுச் சித்தியைப் பார்த்தார்கள். மறுவாரமும் அதே கதை.

துறைத்தலைவி கோபப்படவில்லை. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, தானா எழுதுற சாஃப்ட்வேருக்கு மாறிடலாம்னு இருக்கேன்மா” என்றார்.

“ஓட்டை மெஷினை உன் தலையில கட்டிட்டாங்க. மாத்திக் கேளு” என்றார் சித்தப்பா, அவள் மணிக்கட்டில் கறுப்புப் பட்டையை மாட்டிவிட்டபடியே. தட்டச்சு வலிக்கு அவரே தேடி வாங்கியது. தினமும் காலையில் அவர்தான் மாட்டிவிடுவார்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் தட்டிப் பார்த்தார். எல்லா எழுத்தும் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே திரும்பியிருப்பார்கள். சித்தி கேள்வி கேட்டாள்.

“மடக்கினதும் கீபோர்டு தூங்கிடுதே, மடக்கினது அதுக்கு எப்படித் தெரியுது?”

“திரைக்குள்ள சின்னக் காந்தம் இருக்குக்கா. திரை பின்னாடி வந்து ஒட்டினா, அந்தக் காந்தத்தை வச்சு டேப்லெட் ஆயிட்டோம்னு கீபோர்டு நினைச்சுக்கும்.”

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பூன் அவள் மணிக்கட்டுப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இருவரும் அதையே பார்த்தோம். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி லேப்டாப்பிடம் ஓடினாள். பட்டை போட்ட கையைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்தாள், எழுத்து விழவில்லை. எடுத்தாள், விழுந்தது. சின்னக் குழந்தை மாதிரி வைத்து வைத்து எடுத்தாள்.

“சித்தப்பாகிட்ட சொல்லு, முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்” என்றேன்.

“வாயைத் திறந்தே, பார். எத்தனை கடை ஏறி இறங்கினாரோ மனுஷன்.”

அடுத்த வகுப்பில் ஒரு சொல்கூட விடுபடவில்லை. துறைத்தலைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாஃப்ட்வேர் பேச்சையே எடுக்காமல் போனாராம்.

வீடு திரும்பியவளின் கணுக்காலில் பட்டை இருந்ததைச் சித்தப்பா கவனித்தார்.

“என்ன இது, காலுக்குப் போயிடுச்சு?”

“வலி இறங்கிடுச்சுங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மட்டும் தீவிரமாக யோசித்தார்.

“வலி மெல்ல மெல்லக் கீழ இறங்கும்னு கடைக்காரர் சொன்னது சரிதான். இன்னும் கொஞ்சம் இறங்கினா தரைக்குப் போயிடும்” என்றவர், குனிந்து உட்கார்ந்து பட்டையைக் கழற்றி, அவளுக்கு இறுக்காதபடி மறுபடி மாட்டிவிட்டார்.