மைனியின் பெயரில் ஒரு பூட்டு

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், டயர் கடையின் மாடியில், எங்களுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் என் அண்ணன் மனைவி, மைனி; மதியத்துக்கு மேல் நான். நான் படியேறும்போது அவள் வீட்டுக்குப் போகும் காரக்கோணம் பஸ்ஸுக்காக இறங்கிக்கொண்டிருப்பாள். பாதிப் படியில்தான் எங்கள் பேச்செல்லாம்.

நெய்யாற்றின்கரையில் ஒரு கண் டாக்டருக்கு, நோயாளியின் சீட்டை அச்சடித்துத் தரும் புரோகிராம் எழுதினோம். அவள் எழுதியதன் மேல் நான் எழுதினேன், நான் எழுதியதன் மேல் அவள் எழுதினாள். நேற்றுச் சரியானது இன்று மறுபடி கெட்டது. ஒரே குழியைத் தோண்டித் தோண்டி மூடும் அலுப்பு. அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான்: டாக்டருக்குப் பிடிக்காவிட்டால் மைனி இனி மாடியேற வேண்டாம், பள்ளிக்கூட வேலைக்கு மனு கொடுக்கட்டும். அவளோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதை நினைத்தாலே முகம் வாடுகிறவள்.

அப்போதுதான் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து, கோப்புகளைக் காக்கும் ஒரு சேமிப்பக மென்பொருளை நிறுவினேன். ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவமும் அதில் பத்திரமாக இருக்கும். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்றும் இருக்கும். ஒருவர் திருத்த எடுத்தால் கோப்பு அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். திருப்பி வைக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது.

"அப்ப இனி நீ என் தலையில ஏற முடியாதுன்னு சொல்லு," என்றாள் மைனி.

"நீங்களும் என் தலையில ஏற முடியாதாக்கும்."

எல்லாம் யோசித்தவன் கறண்டை யோசிக்கவில்லை. மைனி கோப்பைத் திருப்பி வைக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போகும். அது வரும்வரை பஸ் நிற்குமா? பூட்டைத் திறக்காமலே போய்விடுவாள். வெளிச்சம் வந்தபின், கம்ப்யூட்டர் தன் வட்டை மெல்ல மெல்லச் சோதித்து முடிக்க, அவள் பெயர் தொங்கும் கோப்பின் முன்னால் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். தண்டவாளத்தில் சரக்கு ரயில் போகும். சுவர் நடுங்கும். எனக்கு நடுங்கக்கூடத் தெம்பிருக்காது.

டாக்டரிடம் காட்ட வேண்டியது திங்கட்கிழமை. சனிக்கிழமை அச்சுக் கோப்பு அவள் பெயரில் பூட்டியிருக்கும்போதே கறண்டு போயிற்று. பஸ்ஸும் போயிற்று. ஞாயிறு மதியம் மைனியின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அவிய சபைக்குப் போயாச்சு. ஜெபக் கன்வென்ஷன் உண்டு, சாயங்காலந்தான் வருவாவ," என்றார்கள்.

பூட்டை உடைத்தேன். உடைக்கலாம், ஆனால் அது காரணம் கேட்கும். கேட்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே பூட்டியவருக்கு மெயிலாக அனுப்பிவிடும். 'கறண்டு இல்லை. நாளை காட்டணும். மன்னிக்கணும் மைனி' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். பெயரும் வயதும் ஒழுங்காக விழும்படி திருத்தி வைத்தேன். அவள் பாதி செய்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் அவளுக்கென்று இருக்கும் கணக்குக்குள், பாஸ்வேர்ட் இல்லாமல் நான் போக முடியாது.

திங்கள் காலை நான் போகும்போதே அவள் திரைமுன் இருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறாள்.

"எலே மக்கா, நல்லா உடைச்ச. வலது கண்ணு பவரு இடது கண்ணுக்குல்லா அச்சாவுது. அதையாக்கும் நான் சனிக்கிழமை சரியாக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

"நீ செஞ்சதையும் நான் செஞ்சதையும் கையால சேர்த்தாச்சு. பிரிண்டரைத் தூக்கு, கம்ப்யூட்டர் அங்க உண்டு."

டாக்டர் சீட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டு கண்ணுக்கும் நேராக விரல் வைத்துப் பார்த்தார். "கொள்ளாம்" என்று மலையாளத்தில் பாராட்டினார். பிறகு, கண்ணில் விடும் மருந்துக்கு ஓர் இடம் வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். முடிந்தது என்று நினைத்த வேலை மறுபடி நீண்டது. திரும்பும் பஸ்ஸில் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். முதுகெலும்பெல்லாம் வலி.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லுவிய?" என்றேன்.

டாக்டர் விரல் வைத்துப் பார்த்த சீட்டை மைனி மடித்துப் பைக்குள் வைத்தாள். பாறசாலையில் நான் இறங்க, அவள் அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். மாடியேறி, மருந்துக்கு இடம் ஒதுக்கலாமென்று அச்சுக் கோப்பைக் கேட்டேன். தர மறுத்தது. காலையில் கிளம்பும் முன்பே அவள் பெயரில் பூட்டியிருந்தாள். காரணம் சொல்லி எனக்கு மெயிலும் வைத்திருந்தாள்: 'தொடாண்டாம். நாளைக்கு வாறேன்.'

அன்று மட்டும் அந்தப் பூட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு அலுக்கவில்லை.