சின்யோர் லாஸ்லோவின் சொந்தக் குரல்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மன்னாரில் எங்கள் கோயில் பங்கில் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஊரே திரண்டபோதும் நான் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. நம்பினால்தான் சங்கடம், ஏனென்றால் இதில் நான் நல்லவனாக வரவில்லை.

இத்தாலியின் பலேர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் ஒரு முதியவரைப் பராமரிக்கிற வேலை எனக்கு. பெயர் லாஸ்லோ, ஹங்கேரிக்காரர், நடிகர். இளம் வயதில் புடாபெஸ்ட் நாடக மேடையில் கதாநாயகன், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை குரல் போகுமாம். பிறகு ஒரு படத்தில் நடிக்க இத்தாலிக்கு வந்தவர், அந்தப் படத்துக்கு உடுப்புத் தைத்த பலேர்மோப் பெண்ணைக் கலியாணம் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். ஜெர்மன் அதிகாரி, பிரபு, கெட்ட டாக்டர் என்று படங்களில் நிறைய வேடம். ஆனால் ஒரு படத்திலும் அவருடைய குரல் இல்லை. அவர் ஹங்கேரிய மொழியில் பேசி நடிப்பார், பிறகு யாரோ ஓர் இத்தாலியன் குரல் கொடுப்பான், வாயசைவும் பேச்சும் ஒட்டவே ஒட்டாது. சந்தையில் மீன்காரன் அவரைக் கண்டால் பட வசனத்தை அந்த இத்தாலியனைப் போலவே சொல்லிக் காட்டுவான். இவரும் மேடையில் நிற்பதுபோலக் குனிந்து வணக்கம் வைப்பார். வீட்டுக்கு வந்ததும் முகம் விழுந்துவிடும். "தியேட்டரில் என் குரலை என் மனைவியே சாகும்வரை கேட்டதில்லை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. அதிலிருந்து யார் பேசினாலும் அவருடைய கண் அவர்களின் வாயிலேயே இருக்கும்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். மனைவி மேரியும் மகளும் மன்னாரில். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பித்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். வேலை இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். அந்த வேலையே இந்த மனிதரின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு கையை விரித்துவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொடுத்துவிட்டு டிவியைப் போட்டேன். அவர் நடித்த பழைய படம் ஒன்று ஓடியது, சாகக் கிடக்கிற ஒருவனின் கட்டிலருகே டாக்டராக நிற்கிறார். அந்த நேரம் பார்த்து மேரி போன் எடுத்தாள். டிவியின் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்து கதைத்தேன். இங்கே வீட்டு வேலை செய்கிற நம் ஆட்களுக்கு உள்ள பழக்கம்தான் அது, வீட்டுக்காரருக்கு முன்னாலேயே சிரித்த முகத்தோடு அவரைத் தமிழில் ஏசுவது.

"மனிசன் எப்பிடி இருக்கிறார்?" என்று மேரி கேட்டாள்.

"கிழடு இருக்குது. பெர்மெஸ்ஸோ காட் கைக்கு வருமட்டும் தாக்குப் பிடிச்சால் காணும்."

"அப்பிடிக் கதையாதேங்கோப்பா, அவருக்குக் கேக்கும்."

"கேட்டால் என்ன? அதுக்குத் தமிழ் விளங்குமே?"

சொல்லிக்கொண்டே டிவியைப் பார்த்தேன். திரையில் நின்ற இளம் லாஸ்லோவின் வாய் என்னுடைய சொல்லுக்குச் சரியாக அசைந்தது. 'விளங்குமே' என்று நான் முடிக்க, அந்த வாயும் மூடியது. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அந்த வாய்க்கு ஒரு பேச்சும் ஒட்டி நான் கண்டதில்லை. என் பேச்சு ஒட்டியது. நான் அப்படியே நிறுத்திவிட்டேன். திரையில் அவர் நிறுத்தவில்லை. சத்தமில்லாமல் ஒரு சொல் விடாமல் சொன்னார், நான் வாசித்தேன். "பிறகு போய்ச் சேரட்டும்."

அதை நான் மேரியிடம் சொல்லவில்லை, மனதில் மட்டும் நினைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நினைத்ததோடு சரி.

நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவே இல்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. போனை வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினேன், வழக்கமான இத்தாலியன் குரல், வழக்கம்போல ஒட்டாத வாய். அதற்குப் பிறகு அவருக்கு ஷேவ் எடுக்கும்போதும் சூப் பருக்கும்போதும் நான் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் ஒருவழியாக அட்டை கிடைத்தது. ஓடி வந்து அவரிடம் காட்டினேன், வேறு யாரிடம் காட்டுவது. அட்டையிலிருந்த என் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது, அன்று போனில் நான் சொன்ன சொல்லையே திருப்பிப் போதுமா என்று கேட்டார்.

"காணுமே?"

அன்று பின்னேரம், வெளியே சந்தைக்காரர்கள் கடைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். பாரிசவாதக்காரரின் உதடு துடித்ததை நீ தமிழாக்கிக்கொண்டாய் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், மேரி இங்கே வரும்வரை.

வேறு வீட்டில் வேலை கிடைத்து அவளையும் பிள்ளையையும் கூப்பிட்டு எடுத்துவிட்டேன். போன கிழமை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அண்டைக்குப் போனிலை நீங்கள் அந்த மனிசனைப் போய்ச் சேரட்டும் எண்டு சொன்னது எனக்கு இன்னும் பொறுக்கேல்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"என்ரை காதாலை கேட்டனான்" என்றவள், கத்தியை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள். "ஆனால் உங்கடை குரல் மாதிரி இருக்கேல்லை. பெரிய குரல். கோயில்லை மைக் இல்லாமல் பிரசங்கம் வைக்கிற மாதிரி."

ஒரு படத்தில் அவருடைய சொந்தக் குரலைக் கேட்டது அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் குரல் யாருடையது என்பதோடு நிற்காது, அந்தச் சொல் யாருடையது என்றும் கேட்பாள்.