டார்ஜிலிங் குடித்த வீடு

உண்மையைச் சொன்னதற்கு நான் அறை வாங்கியது ஒரு டீயால்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோம்ஸ்டேயில் அம்மா காலைச் சாப்பாடு செய்யும் வேலை பார்த்தாள். தங்குபவர்கள் கேட்கிற தேயிலையைப் பீங்கான் கெட்டிலில் போட்டு, வெந்நீர் ஊற்றி மேசைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஆளுக்கு ஒரு கப் குடித்துவிட்டுப் படகு சவாரிக்குப் போய்விடுவார்கள். கெட்டிலில் தங்கிய இலையை அம்மா துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். மறுநாள் காலை எங்களுக்கு அதுதான் டீ.

எட்டு வயதில் எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல. இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் கறுப்பாக இறங்கும், பால் ஊற்றினாலும் திடம் குறையாது. டார்ஜிலிங் வெளிறி இருக்கும், பூ வாசம் அடிக்கும், பால் விட்டால் கெட்டது. ஏர்ல் கிரே என்று ஒன்று, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின வாசம். மோந்து பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். டஸ்ட் டீ குடிக்கிற வகுப்புப் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் அம்மாவோடு போனேன். ஹோம்ஸ்டே நடத்திய மேடம் தேயிலை டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல என்ன குடிச்சே பாப்பா? பாலா?"

"டார்ஜிலிங் மேடம். நேத்து ஏர்ல் கிரே," என்றேன் பெருமையாக.

மேடம் டின்னை டப்பென்று மூடினார். "இப்பத்தானே தெரியுது, டின் எப்படி இவ்ளோ சீக்கிரம் காலியாகுதுன்னு!"

அம்மா தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. "நான் எடுக்கலைங்க மேடம். இந்த மாசம் கூட்டம் சாஸ்திங்க. டின்னுல கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லைங்க." மேடத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அப்போ பாப்பா பொய் சொல்றாளா?"

என் அம்மாவையா திருடி என்கிறார்? "அம்மா ஒண்ணும் திருடல! தங்க வர்றவங்க குடிச்சிட்டு வச்சிட்டுப் போற கெட்டில்ல கெடக்கிற சக்கையைத்தான் எடுத்தாந்து எங்களுக்குக் கொதிக்க வைக்கும்!" என்று கத்தினேன்.

மேடத்தின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. "அடப் பாவமே," என்றார். உள்ளே போய்ப் பிரிக்காத டின் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா, வச்சுக்கோ. கெஸ்ட் குடிச்ச மிச்சத்தைப் போய் பிள்ளைக்குக் கொடுப்பாங்களா?"

அம்மா வாங்கவில்லை. "வேணாங்க," என்று அடுப்பை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். வழக்கில் ஜெயித்தவளைப் போல நடந்தேன். வளைவு தாண்டியதும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"ஏண்டி, ஒன் வாயி சும்மா கெடக்காதா?"

மறுவாரத்திலிருந்து அம்மா வெள்ளனே எழுந்து பூம்பாறை பஸ் ஏறி, பூண்டுக் காட்டு வேலைக்குப் போனாள். வீட்டில் டஸ்ட் டீதான். எனக்கு ஆறவே இல்லை. திருட்டுப் பட்டத்திலிருந்து அவளைக் காப்பாற்றியது யார்? சும்மா கொடுத்த டின்னை வேண்டாம் என்பாளா ஒருத்தி? பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதும் கோபம்தான், ஆனால் அம்மா மேல் இல்லை. திருடி என்றபோது "நான் எடுக்கலைங்க" என்று அவளால் நிமிர்ந்து சொல்ல முடிந்தது. "அடப் பாவமே"வுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? சக்கை என்ற சொல்லை அவள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. "இன்னைக்கு டார்ஜிலிங்" என்றுதான் டம்ளரை நீட்டுவாள். அதைச் சக்கை என்று வெளியாளிடம் சொன்னவள் நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.