அத்தை பெயரில் என் மாத்திரை

எஸ்டேட் டிஸ்பென்சரி பெஞ்சில் அத்தை வலிப்பு நோயாளியாக உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வலிப்பு எனக்குத்தான். அவளுக்குத் தலைவலி வந்ததாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மேட்டில் ஏறினால் ஆண்பிள்ளைகளே பின்தங்கிவிடுவார்கள்.

சொந்த அத்தை இல்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி. அவள் நிரந்தரத் தொழிலாளி என்பதால் டிஸ்பென்சரியில் மருந்து இலவசம். என் அப்பாவும் அம்மாவும் தற்காலிகம். எங்களுக்கு அதுவும் கிடையாது, காப்பீடும் கிடையாது. டவுன் டாக்டர் எழுதிய மாத்திரையை மருந்துக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் வேலை குறைந்து, பாதி அட்டைதான் வாங்க முடிந்தது. அது தீர்ந்த மறுநாளே துவைக்கிற கல்லில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த தொட்டிக்குள் விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

என்னைத் தூக்கியவள் அத்தை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். எனக்கு வருவதையெல்லாம் தனக்கு வருவதாகச் சொன்னாள். வாயில் இரும்பு ருசி, கை வெட்டி இழுப்பது, பிறகு ஒன்றும் தெரியாமல் போவது. யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பிவிட்டார். டவுன் டாக்டர் எழுதிய அதே மாத்திரை கிடைத்தது. அன்றிலிருந்து மாதாமாதம் அவள் வாங்கினாள், நான் விழுங்கினேன்.

லயத்தில் எந்தச் சங்கதி ஒளிந்திருக்கிறது? அவளுக்குக் கம்பத்திலிருந்து வரன் அமைந்து, தேதி குறிக்க வந்திருந்தார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டரின் மனைவியும் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா சிரித்த முகத்தோடுதான் கேட்டாள், பெண் எதற்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறாள் என்று. அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். இல்லை என்று அத்தை சொன்னால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குத் தெரிந்து மாத்திரை நின்றுவிடும். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்.

"எனக்கு வலிப்பு உண்டு. அதுக்குத்தான்."

அவர்கள் சண்டை போடவில்லை. மரியாதையாக எழுந்து போனார்கள். நிஜத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பின்னாலேயே ஓடப்போன அம்மாவை அத்தை வாசலில் மறித்தாள்.

"சும்மா இருங்க மதினி. மாப்பிள்ளை வேற வருவான். மாத்திரைக்கு எங்க போவீங்க?"

வேறு மாப்பிள்ளை வரவில்லை. நான் இப்போது குமுளியில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறேன். இன்றும் காப்பீடு இல்லை. மாத்திரைக்குப் போக மீதிதான் சம்பளம். போன மாதம் லயத்துக்குப் போனபோது, இனிமேலாவது அந்த வலிப்பு என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். இத்தனை வருஷக் கோபமும் சேர்ந்து என் குரல் உயர்ந்துவிட்டது. அத்தை அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. உனக்கு இப்ப மாப்பிள்ளை பாக்குறாங்க."